ஆறு பேருக்கான அளவு

கண்டி
09.08.2024, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் நுஸ்ஹாவுக்கு உம்மா எழுதிக்கொள்வது,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் அருளால் நான் சுகமாக இருக்கிறேன், வலது முழங்கால் மட்டும் மழை வருவதை எனக்கு முந்தி அறிந்துகொள்கிறது, வேறு குறை இல்லை. மெல்பேர்ன் குளிரில் நீங்களும் மருமகன் அஸ்ஃபரும் பேரன் ஸாகியும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஐந்து நேரமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஸாகியின் முன்பல் விழுந்த படம் கிடைத்தது, சிரிப்பு அப்படியே உங்கள் வாப்பாவுடையது. வழமையான சமையல் கடிதம் இல்லாமல் இப்படியொரு கடிதம் எதற்கு, சனிக்கிழமைகளில் வட்ஸ்அப்பில் பேசத்தானே செய்கிறோம் என்று யோசிப்பீர்கள். அதில் உங்கள் முகம் தெரிந்தவுடன் நான் சிரிக்கத் தொடங்கிவிடுவேன் மகள், அதற்குப் பிறகு எல்லாம் நல்லா ஈக்கி என்பதைத் தவிர வேறொன்றும் என் வாயில் வராது. ஆங்கிலத்தில் எழுதலாம் என்று முதலில் ஒரு தாளை எடுத்தேன். கொன்வென்ட்டில் கற்ற ஆங்கிலத்தில் நான் எப்போதும் நல்ல பிள்ளையாகத்தான் இருப்பேன், தப்புச் செய்ததை அதில் எழுத எனக்கு வரவில்லை, தாளை மடித்து வைத்துவிட்டுத் தமிழில் எழுதுகிறேன். குசினியில் நின்றுகொண்டு வாசிக்க வேண்டாம், ஒரு கதிரையில் இருந்து வாசியுங்கள்.

அச்சுக்குப் போகுமுன் பார்க்கச் சொல்லி நீங்கள் அனுப்பிய புத்தகப் பிரதி சென்ற மாதக் கடைசியில் வந்து சேர்ந்தது. மூன்று நாட்களில் முழுவதையும் வாசித்து முடித்தேன். பரிசோதனைக்கூட வேலையை விட்டுவிட்டு ஒரு பேக்கரியில் மாவு பிசையப் போகிறேன் என்று நீங்கள் சொன்னபோது நான் மூன்று வாரம் உங்களோடு பேசாமல் இருந்தேன், வாப்பாதான் படிச்ச புள்ள பெசஞ்சா மா ஒண்டும் கெட்டுப் போகாது என்று என்னைச் சமாதானப்படுத்தினார். பிறகு பாணும் கேக்கும் பற்றிய உங்கள் முதல் புத்தகம் வந்தது, அட்டையில் தங்க நிறத்தில் பரிசு முத்திரை ஒட்டி வந்தது, அதில் நான் பதினொரு பிழை கண்டுபிடித்து எழுதினேன், நீங்கள் அத்தனையையும் அடுத்த பதிப்பில் திருத்தினீர்கள். இந்த இரண்டாவது புத்தகம் அதைவிடப் பெரிய காரியம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சைவக் கடையின் உழுந்து வடையில் தொடங்கி, பேக்கரிகளின் மாலுபாண், நம்மவர் ஹோட்டல்களின் கொத்து, பறங்கி வீட்டுக்காரர் நமக்குப் பழக்கிய லவ் கேக், நம் வீடுகளின் வட்டிலப்பம் என்று ஒரு நகரத்தை அதன் அடுப்புகளை வைத்தே எழுதிவிடலாம் என்று நான் நினைத்ததில்லை. வாப்பா இருந்திருந்தால் பேராதனை நூலகத்தில் தன்னோடு வேலை செய்த எல்லோருடைய மேசைக்கும் ஒவ்வொரு பிரதி கொண்டு போயிருப்பார். பென்சிலால் நாற்பத்து மூன்று இடத்தில் குறித்திருக்கிறேன், பெரும்பாலும் சின்ன விஷயம். ஒரு சிட்டிகை, கொஞ்சம், தேவையான அளவு என்றெல்லாம் எழுத வேண்டாம் என்று எத்தனை தரம் சொல்வது, வாசிக்கிறவளுக்கு எவ்வளவு தேவை என்று தெரிந்திருந்தால் அவள் ஏன் புத்தகம் வாங்குகிறாள்.

இனி முன்னுரைக்கு வருகிறேன். சஹன் என்றால் என்ன என்று வெள்ளைக்காரருக்கு விளங்கும்படி நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு பெரிய வட்டத் தட்டில் சோற்றைக் குவித்துக் கறிகளை வைத்து ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொருவரும் தமக்கு முன்னால் உள்ள பங்கைச் சாப்பிடுவது, ஆறாவது ஆள் வந்து உட்காரும்வரை யாரும் கை வைக்காமல் இருப்பது, எல்லாம் சரி. அதற்கு அடுத்த பந்தியில் கண்டியில் என் உம்மாவின் வீட்டில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அந்தத் தெருவின் ஐந்து பெண்கள் வந்து அவரோடு சஹனில் உட்காருகிறார்கள், இந்தப் புத்தகத்தின் ஒவ்வொரு சமையலையும் முதலில் ருசி பார்த்துத் தீர்ப்புச் சொன்னவர்கள் அவர்கள்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். பத்திரிகையில் நீங்கள் ஆறு வருடமாக எழுதும் பகுதியிலும் அவர்கள்தான் வாராவாரம் பேசுகிறார்கள், முக்கியமாக அபீபா ராத்தா. மெல்பேர்னில் ஒரு பெண்மணி அவருடைய பிறந்தநாளைக் கேட்டு எழுதியிருந்ததாகவும், நீங்கள் ஒரு கூட்டத்தில் அவர் சொன்னதை வாசிக்க மண்டபமே சிரித்ததாகவும் சொன்னீர்கள். இப்போது பதிப்பகத்தார் புத்தகத்தில் பேரும் பேச்சும் வருகிறவர்கள் ஆளுக்கொரு படிவத்தில் கையொப்பமிட வேண்டும் என்று சட்டம் சொல்லி ஆறு படிவம் அனுப்பியிருக்கிறார்கள், ஐந்து அவர்களுக்கு, ஒன்று எனக்கு. இருபதாம் திகதிக்கு முன் திருப்பி அனுப்ப வேண்டும், இருபத்து நாலாம் திகதி படம் எடுக்கும் பிள்ளை வருவாள், முகம் வேண்டாம், சஹனைச் சுற்றி ஆறு கைகள் தெரிந்தால் போதும், அதுதான் அட்டைப்படம் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

மகள், அந்தச் சஹனில் யாரும் இல்லை. ஆறு வருடமாக இல்லை. வாப்பா மௌத்தாகி நான் வாசல் தாண்டாமல் இத்தாவில் இருந்த நாலு மாதமும் பத்து நாளும் வந்தார்கள், அது உண்மை, நீங்களே முதல் இரண்டு வாரம் இருந்து பார்த்தீர்கள். ஒவ்வொரு பின்னேரமும் யாராவது வந்து என் அறையில் இருந்து ஓதிவிட்டுப் பேசிவிட்டுப் போவார்கள், வெள்ளிக்கிழமைகளில் சஹன் வைப்போம், அப்போதுதான் நீங்கள் பத்திரிகையில் எழுதத் தொடங்கினீர்கள், முதல் எட்டோ ஒன்பதோ கடிதங்களில் நான் எழுதியவை அவர்கள் உண்மையிலேயே சொன்னவை. என் இத்தா முடிந்த அந்த மார்ச் வாரத்தில்தான் திகனைப் பக்கம் நம்மவருக்கு எதிராகக் கலவரம் வந்து ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். எல்லோரும் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தோம். ஊரடங்கு எடுத்த பிறகு யாரும் வரவில்லை. நான் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன், அடுத்த வெள்ளி வருவார்கள் என்று முழு அளவில் சமைத்தேன், அதற்கடுத்த வெள்ளியும் சமைத்தேன். அந்த வாரம் நீங்கள் தொலைபேசியில் இண்டைக்கி யார் யார் வந்த உம்மா, என்ன சொன்ன என்று ஆசையாகக் கேட்டீர்கள். ஒருவரும் வரவில்லை என்று சொன்னால் நீங்கள் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவீர்களோ என்ற பயம் கொஞ்சம், அதைவிட என் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை என்று என் வாயால் சொல்ல எனக்கு முடியவில்லை. எல்லாரும் வந்த மகள் என்றேன். அன்றிலிருந்து இன்றுவரை அதுதான். கொரோனாக் காலத்தில் மதிலுக்கு மேலால் தட்டு மாற்றினோம் என்று எழுதினேனே, மதிலுக்கு அந்தப் பக்கம் யாரும் நிற்கவில்லை. சஹனைச் சுற்றி ஆட்களோடு ஒரு படம் அனுப்புங்க உம்மா என்று நீங்கள் கேட்டபோது அவர்கள் படத்துக்கு விரும்பமாட்டார்கள் என்று சொன்னேன். போன டிசம்பரில் நீங்கள் வந்திருந்த இரண்டு வெள்ளிக்கிழமைகளிலும் ஒன்றில் நுவரெலியாவுக்கும் மற்றதில் கொழும்புக்கும் போக வேன் பேசியது ஏன் என்று இப்போது விளங்கும்.

ஆனால் அளவுகள் பொய்யில்லை, அதில் நீங்கள் மனம் குழம்ப வேண்டாம். எங்களுக்கு மனையியல் படிப்பித்த சிஸ்டர் கொலெட், அரை அளவில் சமைத்துப் பார்த்துவிட்டு முழு அளவுக்கு எழுதுகிறவள் ஊகம் எழுதுகிறாள் என்று சொல்வார், ஒரு சமையலை மூன்று தரம் முழு அளவில் செய்யாமல் கொப்பியில் எழுத விடமாட்டார். அதேபோல் இந்தப் புத்தகத்தில் உள்ள அத்தனையையும் நான் ஆறு பேருக்கான அளவிலேயே மூன்று தரம் செய்திருக்கிறேன். எரிவாயு கிடைக்காத அந்த வருடத்தில் சிலிண்டரைச் சமையல் பார்ப்பதற்கென்று மிச்சம் பிடித்துவிட்டு மற்ற நாட்களில் பிஸ்கட்டும் பிளாஸ்கில் இருந்த வெந்நீரும்தான். சமைத்ததில் இரண்டு பங்கு சனிக்கிழமைகளில் வீடு கூட்ட வருகிற ரத்தினம்மா கொண்டு போவாள், அவள் வத்தேகமப் பக்கம் தோட்டத்தில் இருந்து பஸ்ஸில் வருகிறவள். அவளிடம் எப்படி இருந்தது என்று கேட்டால் எப்போதும் நல்லா இருந்துச்சும்மா, புள்ளைங்க சட்டிய வழிச்சிருச்சிங்க என்பாள், உப்பு கூடினாலும் அதே பதில், அதை வைத்து யாரும் சமையல் புத்தகம் எழுத முடியாது. உடவத்தைக் காட்டுக் குரங்குகள் ஜன்னல் திறந்திருந்தால் வரும், கேக்கை மட்டும் எடுத்துக்கொண்டு மாலுபாணைத் தொடாமல் போகும், அதுவும் ஒரு தீர்ப்புத்தான், ஆனால் அவற்றின் பேரில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே நானே சாப்பிட்டு நானே பிழை கண்டேன். வட்டிலப்பத்தில் கருப்பட்டி தடித்துப்போனால் அதை யார் எப்படிச் சொல்வார்கள் என்று யோசிப்பேன். அபீபா ராத்தாவாக இருந்தால் இது திங்கவா ஜெஸீமா, சுவர் வெடிப்புக்குப் பூசவா என்று கேட்பார் என்று தோன்றும், அப்படியே எழுதிவிடுவேன். மாலுபாணுக்குள் மீன் குறைந்திருந்தால் ஹபீலா டீச்சர் பாணைப் பிய்த்துப் பார்த்துவிட்டு மீன் ஆஜர் இல்ல என்று இடாப்புக் கூப்பிடுகிற குரலில் சொல்வார் என்று எழுதுவேன். எழுதும்போது அவர்கள் வந்திருந்தாற்போலவே இருக்கும், சில வெள்ளிகளில் எனக்கே சிரிப்பு வந்துவிடும், சிரித்த பிறகு குசினியில் ஒருவரும் இல்லாதது முன்னையைவிடக் கூடுதலாகத் தெரியும். என் பேரில் சொன்னால் அது குறை, அவர் பேரில் சொன்னால் அது பகிடி, இவ்வளவுதான் வித்தியாசம் மகள், உங்கள் வாசகர்கள் ஆறு வருடமாகச் சிரித்ததெல்லாம் என்னுடைய குறை சொல்லுதலுக்குத்தான்.

படிவங்கள் வந்து ஒரு வாரம் அவற்றை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். எனக்கு நாலு விதமான கையெழுத்து எழுத வரும், கொன்வென்ட்டில் சித்திர எழுத்துக்குப் பரிசு வாங்கியவள், ஐந்து பேருடைய கையொப்பம் பெரிய வேலையில்லை, அந்த எண்ணம் வரவில்லை என்று சொன்னால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும். பேனையை எடுத்து மூடியையும் கழற்றினேன். பெயர் என்று இருந்த இடத்தில் ஹபீலா டீச்சருடைய முழுப் பெயர் எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் விளங்கியது. ஆறு வருடம் என் சஹனில் உட்கார வைத்தேன், முழுப் பெயர் தெரியாது.

திங்கட்கிழமை லுஹர் தொழுதுவிட்டு நல்ல சாரியொன்று உடுத்து அபீபா ராத்தாவின் வீட்டுக்குப் போனேன். எங்கள் கேட்டில் இருந்து நாற்பது அடி இருக்குமா, அதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. அவர் முன் அறையில் ஒரு காலை முக்காலியில் நீட்டிக் கட்டுப் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தார், என்னைக் கண்டதும் எழும்பவில்லை, ஆ, ஜெஸீமாவா, இண்டைக்கிப் பொழுது எந்தப் பக்கத்தால உதிச்ச என்றார். நான் சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொல்லி, உங்கள் பத்திரிகைத் துண்டுகளில் சிலதைத் தமிழாக்கி அவருக்கு வாசித்துக் காட்டினேன். சுவர் வெடிப்பு வந்த இடத்தில் தோள் குலுங்கச் சிரித்தார், மத்ததையும் வாசிங்க, மத்ததையும் வாசிங்க என்று கேட்டார். ஐந்தாறு வாசித்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நான் இப்பிடி ஒரு சொல் சொல்லல்ல ஜெஸீமா, என்ட பேரு, ஒங்கட வாய் என்றார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்குமுன் கையைக் காட்டி நிறுத்தினார். ஒங்கட ஊட்டுல நான் எப்ப வாயத் தொறந்தீக்கிறன், எங்கட சாப்பாட்டுக்கெல்லாம் நீங்கதானே மார்க் போட்டீங்க, ஒங்கட மாப்புள மௌத்தான மையித்து ஊட்டுக்கு எண்டு ஹபீலா டீச்சர் ராவு பகலாச் செஞ்சி கொண்டு வந்த கேக்க எல்லாருக்கும் முன்னுக்கு வச்சிக் கத்தியால குத்தி, நடுவுல பச்ச எண்டு காட்டினீங்க, அவ கண்ணத் தொடச்சிட்டுப் போன எனக்கு ஞாபகம் ஈக்கி, ஒங்களுக்கு ஈக்கா என்று கேட்டார். எனக்கு ஞாபகம் இருந்தது மகள். நடுவில் பச்சையாகத்தான் இருந்தது. ஆனால் அதை நான் அன்று, அத்தனை பேருக்கு முன்னால் சொன்னேன்.

அது போகட்டும், அதுக்காக யாரும் வராம ஈக்கல்ல என்று அவரே சொன்னார். அப்படியானால் ஏன் யாரும் வரவில்லை என்று கேட்டேன், ஆறு வருடமாக நான் யாரிடமும் கேட்காத கேள்வி. அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இத்தா முடிஞ்சா வந்தவங்கட ஊடுகளுக்கு நீங்கதானே ஒருக்கா வந்து போகணும், இது ஒங்களுக்குத் தெரியாதா, ஊரடங்கு எடுத்த மறுநா நான் முன் கதவத் தொறந்து வச்சன், நல்ல தேத்தண்ணிக் கோப்பை எல்லாத்தையும் கழுவி எடுத்து வச்சன், இண்டைக்கி வருவா, நாளைக்கி வருவா எண்டு ரெண்டு கெழம வச்சீந்தன், ஹபீலாவும் மத்தவங்களும் கேட்டாங்க, இன்னம் வரல்ல எண்டு சொன்னன், பொறகு நாங்களே விளங்கிக்கிட்டம், இங்கிலீஷ் படிச்சவ, எங்கட ஊடுகளுக்கு வர மனமில்லாக்கும் எண்டு. எனக்குத் தெரியும் மகள் அந்த வழக்கம், என் உம்மாவும் போனவர்தான், என் மாமியும் போனவர்தான். ஆனால் அழைப்பில்லாமல் ஒருவர் வீட்டு வாசலில் போய் நிற்பது அழகில்லை என்று கொன்வென்ட்டில் எங்களைப் பழக்கியிருந்தார்கள். கலவரத்துக்குப் பிறகு தனியாக இருக்கும் விதவையை அவர்களல்லவா முதலில் வந்து பார்க்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார், நான் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன், நடுவில் நாற்பது அடி.

படிவத்தை நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தனக்கு விளங்காத அந்த ஆங்கிலத்தை மேலிருந்து கீழே பார்த்தார். நான் தின்னாத சோத்துக்கு நான் கையெழுத்து வைக்க ஏலா ஜெஸீமா என்று திருப்பித் தந்தார். அப்படியானால் வரும் வெள்ளிக்கு வாருங்கள், உண்மையாகவே சஹன் வைப்போம் என்று சொன்னேன், அதைச் சொல்ல நான் எவ்வளவு இறங்க வேண்டியிருந்தது என்று உங்களுக்குத் தெரியும். அவர் கட்டுப் போட்ட காலைக் காட்டினார். சீனி வருத்தம், கெழமைக்கி ரெண்டு தரம் பேராதனை ஆஸ்பத்திரிக்கித் தூக்கிட்டுப் போறாங்க, சோறு நிப்பாட்டி, இனிப்பு நிப்பாட்டி, இப்ப நீங்க கூப்பிடுறீங்க, எனக்கு வரக் காலும் இல்ல, தின்ன வாயும் இல்ல என்றார். ஹபீலா டீச்சரைப் பற்றிக் கேட்டேன். அவர் மகனோடு பல்லேகலவுக்குக் குடிபோய் இரண்டு வருடத்துக்கு மேலாகிறதாம். சென்ற மாதம்கூட அவர் என் வீட்டில் இருந்து லவ் கேக்கில் ரோஸ் வோட்டர் கூடிப்போயிற்று என்று சொன்னதாக நான் உங்களுக்கு எழுதியிருந்தேன். மற்ற மூவரைப் பற்றி நான் கேட்கவில்லை. எழும்பி வரும்போது அபீபா ராத்தா கூப்பிட்டார். அந்தப் பத்திரிகையில வாற அபீபா நல்லாப் பேசுறா, எனக்கும் அவளோட ஒருக்கா இருந்து கதைக்க ஆசைதான் என்றார்.

ஆகவே மகள், ஐந்து படிவங்களும் வெறுமையாக இத்துடன் வருகின்றன, ஆறாவதில் மட்டும் நான் கையொப்பமிட்டிருக்கிறேன். ஐந்து பேருடைய பெயரையும் பேச்சையும் புத்தகத்தில் இருந்து எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு அத்தியாயத்தின் தொடக்கமும் அவர்களோடுதான் இருக்கிறது, எடுத்தால் இடம் வெறுமையாக இருக்கும், அட்டைப்படமும் போய்விடும், உங்கள் இரண்டு வருட உழைப்பு என்று எனக்குத் தெரியும். ஆனால் சமையல் புத்தகத்தை வாசிக்கிறவள் எழுதியவளை நம்பித்தான் முட்டையை உடைக்கிறாள், இப்படி நடக்கவே இல்லை என்று பிறகொரு நாள் யாராவது சொல்லி உங்கள் பெயர் கெடுவதற்கு நான் காரணமாக இருக்கமாட்டேன். பத்திரிகையில் ஏற்கெனவே வந்தவற்றை உங்கள் ஆசிரியரிடம் சொல்வதா என்பது உங்கள் முடிவு, சொல்வதானால் என் உம்மா என்னிடம் பொய் சொன்னார் என்றே சொல்லுங்கள், தவறிப்போனது, விளங்காமல் நடந்தது என்றெல்லாம் பூசி மெழுக வேண்டாம். கோபம் வந்தால் கோபப்படுங்கள். மூன்று வாரம் பேசாமல் இருக்கும் உரிமை உங்களுக்கும் உண்டு. ஆனால் இதற்காக வேலையைப் போட்டுவிட்டு ஓடி வர வேண்டாம், ஸாகிக்குப் பாடசாலை இருக்கிறது, நான் விழுந்துவிடவில்லை.

அந்த வெற்றிடத்தில் போட என்னிடம் ஒன்று இருக்கிறது. எந்தச் சமையல் புத்தகத்திலும் முதல் நாள் ருசிதான் இருக்கும், ஆறு பேர் ஒரே நேரத்தில் சாப்பிட்டு முடித்துவிடுகிறார்கள், நாலாம் நாள் அது எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். லவ் கேக் ஐந்தாம் நாள்வரை ரவை தனி, கஜு தனி என்று நிற்கும், ஒன்பதாம் நாள்தான் ஒன்றாகும். வட்டிலப்பம் இரண்டாம் நாள் முதல் நாளைவிட நன்று, நாலாம் நாள் அடியில் நீர் விடும், ஊற்றிவிட்டுச் சாப்பிடலாம். கோழிக் கறிக்கு மூன்றாம் நாளில்தான் தூள் இறங்கும். மாலுபாணை மறுநாள் இடியப்பத் தட்டில் வைத்து ஆவி காட்டினால் புதிதுபோல் வரும், அதற்கு மறுநாள் என்ன செய்தாலும் வராது. நெய்ச்சோறு நாலாம் நாளோடு சரி. அறுபத்திரண்டு சமையலுக்கும் இப்படி எழுதி வைத்திருக்கிறேன், எல்லாம் நாள் வாரியாக, இத்துடன் அனுப்புகிறேன். தனியாக இருக்கிறவர்கள் மெல்பேர்னிலும் இருப்பார்கள். இதை என் பேரிலேயே போடலாம்.

படம் எடுக்கும் பிள்ளையை நிறுத்த வேண்டாம், டிக்கட் வாங்கியிருப்பாள். வந்தால் உள்ளதைத்தான் எடுக்க வேண்டும். உள்ளதைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு நான் சஹனை வழமைபோல் முழுதாக வைப்பேன், ஆறு பேருக்கும் கறி பிரித்து வைப்பேன், எனக்கு முன்னால் உள்ள பங்கை மட்டும் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு தட்டை மூடிப் பிரிட்ஜில் வைப்பேன். மற்ற ஐந்து பக்கமும் தொடாமல் அப்படியே இருக்கும். சனிக்கிழமை இரண்டு பக்கத்தை ரத்தினம்மாவுக்கு எடுத்துவிட்டுத் தட்டைக் கொஞ்சம் திருப்பிக்கொள்வேன், இன்னொரு பக்கம் எனக்கு முன்னால் வரும், அதைச் சாப்பிடுவேன். ஞாயிறும் திருப்புவேன், திங்களும் திருப்புவேன். சோற்றைச் சின்னக் கோப்பையில் போட்டுச் சாப்பிட்டால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். போட்டுப் பார்த்தேன், இறங்கவில்லை. சென்ற சனிக்கிழமை ரத்தினம்மாவை வந்து இரு, சேர்ந்து சாப்பிடுவோம் என்று கூப்பிட்டேன், இத்தனை வருடத்தில் அவளை நான் உட்காரச் சொன்ன முதல் தடவை அது, அவள் குசினிக் கதவோரம் நின்று சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு இல்லம்மா, பதினொன்றரை பஸ் போயிரும்மா, பொட்டியில போட்டுக் குடுங்க, வீட்டுல போய்ச் சாப்பிட்டுக்கிறேன் என்றாள். அந்தச் சஹனில் நான் சாப்பிடுவதை ஒருவர் பார்த்து ஆறு வருடத்துக்கு மேலாகிறது. அந்தப் பிள்ளை பார்க்கட்டும், எடுக்கட்டும்.

பெரஹரா ஊர்வலம் தொடங்குவதால் டவுனில் பாதைகளை மூடிவிடுவார்கள், அதற்கு முன் இன்றைக்கே இதை நானே கொண்டு போய்க் கூரியரில் சேர்க்கிறேன். அல்லாஹ் உங்கள் கைக்கும் எழுத்துக்கும் பரக்கத் செய்வானாக, மருமகனுக்கு உடல் நலத்தையும் ஸாகிக்கு நல்ல புத்தியையும் தருவானாக, மாவு மூட்டையை நீங்கள் தனியே தூக்க வேண்டாம், முதுகு ஒருமுறை போனால் போனதுதான். ஸாகிக்கு என் முத்தம், அவனோடு தமிழில் பேசுங்கள்.

மறக்க வேண்டாம், நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ரவையைப் பொன்னிறமாக வறுக்கவும் என்று இருக்கிறது, சிறு தீயில் எட்டு நிமிடம் என்று திருத்துங்கள். படம் எடுக்கும் பிள்ளை இருபத்து நாலாம் திகதி, சனிக்கிழமை வருவதாக இருக்கிறது. ஒருநாள் முந்தி, வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு வரச் சொல்லுங்கள். வழியில் எங்கேயும் சாப்பிடாமல் பசியோடு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் கேட்கும் உம்மா,
ஜெஸீமா லாபிர்